பிணையத்தின் வழியே இயங்குதளம்

கூடம் நிறைந்த கணிப்பொறிகளில் ஒவ்வொன்றன் முன்னும் அமர்ந்து விண்டோஸை நிறுவ வேண்டுவதில்லை. பிணையத்தின் வழியே அனைத்திலும் தானாகவே நிறுவலாம். இன்டெல் 1999-இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 முறைப்படி, பிணைய அட்டையில் பொதிந்த சிறுநிரல், விண்டோஸ் பி.இ. என்னும் தொடக்கப் படிமத்தைச் சேவையகத்திலிருந்து இறக்குகிறது. நிறுவலின்போது எழும் வினாக்களுக்கு விடைக்கோப்பு பதிலிறுக்கும். ஒலிக்கும் திரைக்கும் உரிய டிரைவர்களைச் சேவையகமே வழங்கும்.

ஆனால், பிணைய அட்டையின் டிரைவரையும் சேவையகத்திலேயே வைத்தால் போதுமா? போதாது என்பேன். படிமம் எழுந்ததும் அச்சிறுநிரலின் பணி முடிந்துவிடுகிறது. பின்னர்ச் சேவையகத்தை அணுகப் படிமத்திற்குத் தன் டிரைவரே துணை. அஃதின்றேல், பேழைக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். எல்லாப் பொறிகளும் பாதிவழியில் நின்றுவிடும்.

ஆகவே, அந்த டிரைவரை முன்னரே படிமத்தில் சேர்த்துவிடுங்கள். புதுவகைப் பொறி வாங்குந்தோறும் ஒன்றில் சோதித்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குங்கள்.