மறதி நோயும் மறவாத மொழியும்



பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் முதியோர் பலர் உள்ளனர். அவர்களுள் சிலரை வாட்டும் மறதி நோயைப் பற்றி, எங்கள் ஆச்சியின் வாழ்வைக் கொண்டு சில சொல்ல விரும்புகிறேன்.

ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். செவிலியர் பயிற்சியை முடித்து, 1958-ஆம் ஆண்டு, அந்நாளில் பம்பாய் எனப்பட்ட மும்பைக்கு வந்தார். 1995-இல் ஓய்வு பெறும் வரை ஒரு மருத்துவமனையில் தொண்டாற்றினார். மராத்தியையும் இந்தியையும் அவர் கற்றது நோயாளிகளின் படுக்கையருகில் நின்றேதான். அண்டை அயலார் அவரை ‘நர்ஸ்பாயி’ என்று மதிப்புடன் அழைப்பர். நள்ளிரவில் எவர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் எங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும்.

அவருடைய 78-ஆம் வயதில் மாற்றம் தலைகாட்டியது. அடுப்பில் வைத்த பாலை மறந்தார். காய்கறிக்காரருக்குக் கொடுத்த பணத்தையே மீண்டும் கொடுத்தார். முதுமையின் இயல்பு என்று நாங்கள் எண்ணினோம். ஒருநாள் அதே காய்கறிக்காரர் மராத்தியில் ஏதோ வினவ, விடை கூறச் சொல்லின்றித் திகைத்து நின்றார். மெல்ல மெல்ல மராத்தி அவரை விட்டு அகன்றது. பின்னர் இந்தியும் அகன்றது. எஞ்சியது திருநெல்வேலித் தமிழ் ஒன்றே.

இது ஏன் நிகழ்கிறது? மறதி நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டு இதனை முதன்முதலில் விளக்கியுரைத்தார். 1910-இல் இது அவர் பெயரையே பெற்றது. இந்நோயில் இருவகைப் புரதங்கள் மூளையில் அளவு மீறிப் படிந்து நரம்பணுக்களை அழிக்கின்றன. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதி தொடக்கத்திலேயே பழுதுபடுகிறது. ஆதலின் காலையில் உண்டது மறந்துபோகும். இளமையில் கண்டது மறவாது நிற்கும். அண்மை நினைவு முந்தி அழிய, பழைய நினைவு பிந்தி அழியும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவ, தாய்மொழி நிலைத்து நிற்பதும் பலரிடம் காணப்படுகிறது. எனினும் எல்லாரிடமும் அவ்வாறே நிகழும் என்று கூறுவதற்கில்லை.

எங்கள் வீட்டில் இதனால் விளைந்த துன்பம் பெரிது. மும்பையில் பிறந்த என் பிள்ளைகள் தமிழைச் சரிவர அறியார். “பைய வா” என்று ஆச்சி என் மகளை அழைப்பார். மெதுவாக வா என்பது பொருள். அவளோ ‘பையா’ என்ற இந்திச் சொல்லாகக் கொண்டு தன் அண்ணனைக் கூட்டி வருவாள். முதலில் நகைத்தோம். பிறகுதான் உண்மை உறைத்தது: நிறைந்த வீட்டில் ஆச்சியோடு பேச நான் ஒருவனே இருந்தேன்.

நானும் பிழை செய்தேன். ஒரு மாலை, “அம்மையை இன்னும் காணலியே?” என்று தம் தாயைத் தேடினார். “அவர் இறந்து 40 ஆண்டுகள் ஆயிற்றே” என்று உண்மையைச் சொன்னேன். அச்செய்தியை அப்போதுதான் கேட்டவர்போல் அவர் விம்மி அழுதார். இந்நோயுற்றோரைத் திருத்த முயல்வதால் பயனில்லை. ஒவ்வொரு திருத்தமும் புதிய துயரமாகவே முடியும். அதன் பின்னர், “அம்மை உங்களுக்கு என்ன சமைத்துத் தருவார்?” என்று கேட்கக் கற்றேன். அவர் முகம் மலர்ந்து பேசத் தொடங்குவார்.

நினைவு தளர்ந்தபோதும் கைகள் தொழிலை மறக்கவில்லை. கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளில் பதிவதால் அது நெடுநாள் நிலைக்கிறது. இரவு 2 மணிக்கு எழுந்து, ‘வார்டு’ பார்ப்பவர்போல் எங்கள் படுக்கைகளைச் சுற்றி வருவார். தடுத்தால் சினம் கொள்வார். பிறகு பகலில் துணிகளை மடிக்கக் கொடுத்தோம். மருத்துவமனை விரிப்பைப்போல் மூலை பிசகாமல் மடிப்பார். இரவில் ஓரளவு உறங்குவார்.

பிள்ளைகளுக்கு நாள்தோறும் சில தமிழ்ச் சொற்களைக் கற்பித்தேன். “ஆச்சி, சாப்டாச்சா?” என்று மகள் முதன்முறை கேட்டபோது, ஆச்சி அவள் கன்னத்தைத் தடவினார். பிள்ளைகளுக்கும் இதனால் நன்மை உண்டு. ஐதராபாத்தில் 648 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி அறிந்தோருக்கு, ஒரு மொழியே அறிந்தோரைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே இந்நோய் தோன்றியதாகக் கண்டனர். பள்ளி செல்லாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

2023-இல் வெளியான கணிப்பின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கு மறதி நோய் உள்ளது. ஆகவே அறிகுறி கண்டவுடன் மருத்துவரை நாடுங்கள். தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சீர்செய்ய இயலும். அல்சைமர் நோயை முற்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயினும் நல்ல பராமரிப்பு துன்பத்தைக் குறைக்கும். பரிசோதனையின்போது முதியவருக்கு எந்த மொழி எஞ்சியுள்ளது என்பதை மருத்துவரிடம் கூறி, தமிழறிந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இன்றேல், கேள்வி விளங்காமையும் மறதியாகவே எண்ணப்படும். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் நினைவிற் கொள்ளுங்கள்.

2021-இல் ஆச்சி மறைந்தார். அதற்குச் சில நாள் முன்பு என் மணிக்கட்டைப் பற்றி, சுவர்க் கடிகாரத்தை நோக்கியவாறு நாடி எண்ணினார். என்னை இன்னாரென்று அவர் அறியவில்லை. “பயப்படாதீங்க தம்பி, நாடி சீராத்தான் இருக்கு” என்றார்.

அருகில் நின்ற என் மகளுக்கு அச்சொற்களின் பொருளை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.