ஒலிபெருக்கியும் ஒலியடக்கமும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்திலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பிலும் திரளும் மக்களுக்கு ஓதுவோர் குரலைக் கொண்டு சேர்ப்பது ஒலிபெருக்கி. கிறித்தவ தேவாலயங்களிலும் அவ்வாறே. அதனை இயக்க முன்வரும் தொண்டன் முதற்கண் கற்கவேண்டுவது யாது? ஒலியைக் கூட்டுதலன்று, குறைத்தலே.

ஒலிபெருக்கியினின்று வெளிப்படும் ஓசை ஒலிவாங்கியுள் மீண்டும் புகுந்து, சுழன்று பெருகுமாயின், செவியைத் துளைக்கும் ஊளை எழும். ஆதலின், ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிக்கு முன்னே அவையோரை நோக்கி நிறுத்தல் வேண்டும். ஒலிவாங்கி வாய்க்கு அண்மையில் இருத்தல் நன்று. இடைத்தூரம் பாதியாயின் அதனை அடையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். பேசாதார் முன்னுள்ள ஒலிவாங்கிகளை அடைத்துவிடல் வேண்டும். பாடுவோர் குரல் தெளிவுறாவிடின், அதனை உயர்த்துமுன், மறைக்கும் வாத்தியத்தைத் தாழ்த்திப் பார்த்தலே முறை.

இவ்வடக்கம் மதிலுக்கு வெளியேயும் வேண்டப்படுவது. 2007 ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்திற்று. அயல் வீட்டில் நோயாளியும் உளர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் உளர். ஆகவே தொண்டன் அவையின் கடைசி வரிசையிலும், பின்னர் வீதியிலும் நின்று கேட்டுப் பழகுதல் வேண்டும். வழிபடுவோர்க்குச் சொல் விளங்குதலும் அயலார்க்குத் துயில் கெடாமையும் ஒருங்கே அமைவதே இத்தொண்டின் நிறைவாகும்.