என்ன கொண்டு வரட்டும்?

சென்ற ஆண்டு அரைப் பரீட்சை முடிந்த வாரம், விளக்கு வைக்கிற வேளையில், ஒரு தகப்பனார் நம் வீடு தேடி வந்தார். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. எப்போதும் அளந்து பேசுகிறவர். அன்று அவர் அளக்கவில்லை. அவருடைய பையன் நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவன். இஞ்சினீயரிங் வேண்டாம், கணக்குப் பதிவியல் வேண்டாம், ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கு மனுப் போடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம்.

"சமையல் கற்றுக்கொள்கிறேன் என்றால்கூடப் பரவாயில்லை, ஸார். இந்தக் காலத்தில் சமையற்காரர்கள் டெலிவிஷனில் தோன்றி நாலு பேருக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள். இவனோ கூடத்தில் நின்று பரிமாறுகிற வேலைதான் பிடிக்கிறது என்கிறான். எச்சில் தட்டு எடுப்பதற்கா இவனைப் பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தேன்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்."

ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தோம், வரவில்லை. காரணத்தை மறைப்பானேன்? இருபது வருஷத்து ஆசிரியத் தொழிலில், வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து நிற்கும் பையன்களைப் பார்த்து, "நீ ஹோட்டலில் மேஜை துடைக்கத்தான் லாயக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! சொன்ன மறுகணமே மறந்தும் போயிருப்போம். இந்தப் பையன் இரண்டு வருஷமாக அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன். மறந்திருக்கமாட்டான்.

"முதலில் அந்தப் படிப்பு இன்னதென்று நேரில் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். பொங்கல் கழிந்ததும் மூவருமாகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினோம்.

நாம் போன கல்லூரியில் மாணவர்களே சமைத்து மாணவர்களே பரிமாறும் போஜனசாலை ஒன்று உண்டு. விருந்தாளிகள் பகல் பன்னிரண்டரைக்குத்தான் வருவார்கள். நாம் பத்தரைக்கே போய்விட்டோம், போனது நல்லதாயிற்று. நாடகம் பார்ப்பதைவிட ஒப்பனை அறையைப் பார்ப்பதில் ருசி அதிகமல்லவா? ஒரு பையன் கொதிக்கும் நீரின் ஆவியில் கண்ணாடிக் குவளைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ரேகை ஒன்று தென்பட்டால் குவளை மறுபடி ஆவிக்குப் போகும். இன்னொருத்தி மேஜை விரிப்பின் மடிப்புக் கோடு நேராக விழுந்திருக்கிறதா என்று குனிந்து நோக்கினாள். முள்கரண்டி இடப்புறம், கத்தி வலப்புறம், அதன் கூர் தட்டைப் பார்த்தபடி, தண்ணீர்க் குவளை கத்தியின் நுனிக்கு நேரே. கரண்டியின் காம்பு மேஜை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதைக் கட்டை விரலின் கணுவால் அளந்தார்கள். இந்த முன்னேற்பாடு முழுவதற்கும் 'மீஸான் பிளாஸ்' என்று ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தல் என்று பொருள்.

"விருந்தாளி உட்கார்ந்த பிறகு உப்புக்கு ஓடுகிறவன் பாதி தோற்றவன்" என்றார் அங்கிருந்த ஆசிரியர். நம் தொழிலிலும் அப்படித்தான். வகுப்புக்குள் நுழைந்த பிறகு சாக்கட்டி தேடுகிற ஆசிரியரைப் பையன்கள் சும்மா விடுவதில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கூடம் நிறைந்தது. ஒரு பெண் இடது உள்ளங்கையில் தட்டத்தை ஏந்தி வந்தாள். பாத்திரத்திலிருந்து எடுத்துப் பரிமாறும் பண்டம் உண்பவரின் இடப்புறமிருந்து. தண்ணீரும் பானமும் வலப்புறமிருந்து. இதில் மர்மம் ஒன்றுமில்லை; குவளை இருப்பது வலப்புறம், கை குறுக்கே போகக்கூடாது, அவ்வளவுதான். மூன்றாவது மேஜையில் ஸூப் கிண்ணம் சற்றே சாய்ந்து ஒரு பெரியவரின் சட்டைக் கையில் நாலு துளி சிந்திவிட்டது. நம் பக்கத்திலிருந்த தகப்பனார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெண் ஒரு முறை மன்னிப்புக் கேட்டாள். சுத்தமான துணியொன்றை அவர் கையில் கொடுத்தாளே தவிர, தானே துடைக்கப் போகவில்லை. அதற்குள் இன்னொரு மாணவன் சத்தமில்லாமல் வந்து விரிப்பில் பட்ட கறையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டுப் போனான். பெரியவர் விட்ட இடத்திலிருந்து தம் பேச்சைத் தொடர்ந்தார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் ஆசிரியர் சொன்னது நம் காதில் விழுந்தது: "நன்றாகச் செய்தாய். மன்னிப்பை மூன்று தரம் கேட்டிருந்தால், விருந்தாளி சாப்பாட்டை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும்."

இந்த வித்தைக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைப்பது புதிதல்ல. ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரில் 1893இல் ஜாக் சூமி என்பவர் ஒன்றைத் தொடங்கினார். நம் தேசத்தில் 1954இல் பம்பாயில் தொடங்கியது. அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் லீலாவதி முன்ஷி அம்மையார். பின்னர் சென்னையிலும் ஏற்பட்டது. இன்று தரமணியில் இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்க 1982இல் ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். மூன்று வருஷப் படிப்பு. சமையல், பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என்று நான்கு பிரதான பாடங்கள். நடுவில் சில மாதங்கள் ஏதாவதொரு ஹோட்டலில் வேலை பழக வேண்டும். இவ்வளவு படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்காகச் சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் 'ஹுனர் ஸே ரோஜ்கார் தக்' என்ற பெயரில் கட்டணமில்லாத குறுகிய காலப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. எட்டாம் வகுப்புத் தேறியவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் பிரெஞ்சுப் பெயர்கள் பக்கத்துக்குப் பத்து. நமக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் இடக்கோடியில், கறியும் கூட்டும் மேற்பாதியில், சாதம் கீழ்ப்பாதியில். சாம்பார் முடியுமுன் ரஸத்தோடு வந்து நிற்கக்கூடாது, முடிந்தபின் காக்க வைக்கவும் கூடாது. "போதும்" என்று மறிக்கிற கை நிஜமாக மறிக்கிறதா, உபசாரத்துக்கு மறிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இவை எல்லாம் நம் பாட்டிமார்கள் எந்தப் பட்டமும் பெறாமல் நடத்திய பாடம். விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். கல்யாணப் பந்தியில் கரண்டி பிடிப்பதைக் கௌரவம் என்று கருதுகிற நாம், அதையே ஒருவன் சம்பளத்துக்குச் செய்தால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை அவ்வளவு அழகானதல்ல. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கூடங்கள் வெகு காலம் வரை ஜாதியின் காவற்கூடங்களாக இருந்தன. ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று வைத்திருந்தார்கள்; பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அந்த வழக்கம் எடுபட்டது. உணவு விடுதிக்குள் நுழைவதற்கு ஜாதியின் பேரால் தடை கூடாது என்பதை 1950இல் அரசியல் சாசனத்தின் பதினைந்தாம் பிரிவிலேயே எழுதிவைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்ததை நாம் அறிவோம். யார் கையால் சாப்பிடலாம், யார் எச்சிலை யார் எடுக்கலாம் என்ற பழைய கணக்குத்தான், தகப்பனாரின் "எச்சில் தட்டு" என்ற சொல்லிலும், வகுப்பில் நாம் சொல்லிவந்த வசவிலும் ஒளிந்திருந்தது. அந்தக் கூடத்தில் பரிமாறிய முப்பது பேரில் யார் எந்த ஜாதி என்று நமக்குத் தெரியாது, உண்டவர்களும் கேட்கவில்லை.

உடுப்பிப் பக்கத்திலிருந்து ஏழைப் பிள்ளையாக வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து, 1938இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ண ராவ் அவர்களின் கதை பலருக்குத் தெரியும். ஆனால் முதலாளியான பிறகே அது கதையாயிற்று. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷைக் கண்டு மகிழாதவர் உண்டா? அந்தக் கதையிலும் ஸர்வருக்குப் புகழ் வருவது அவன் சினிமா நடிகனான பிறகுதான்.

தகப்பனார் ஆசிரியரைத் தனியே மடக்கிக் கேட்டார்: "உள்ளதைச் சொல்லுங்கள். இதில் என்ன கஷ்டம்?" அவரும் உள்ளதைச் சொன்னார். நாளெல்லாம் நிற்க வேண்டும். இருபது வயதிலேயே குதிகால் வலிக்கும். தீபாவளியன்றும் புத்தாண்டு இரவிலும், ஊர் கொண்டாடும்போது நாம் வேலையில் இருப்போம். ஆரம்பச் சம்பளம் கொஞ்சம். பலர் சில வருஷத்தில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். 2020இல் கொள்ளை நோய் வந்தபோது முதலில் சாத்தப்பட்ட கதவுகளில் ஹோட்டல் கதவும் ஒன்று. பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. அது சாப்பிடுகிறவருக்கு நியாயம். ஆனால் பரிமாறுகிறவருக்கு முதலாளி தரும் சம்பளமே போதுமானதாயிருக்க வேண்டும் என்ற மற்றப் பாதி நியாயத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இது நம் அபிப்பிராயம். அவர் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

"பிள்ளைகளிடம் நீங்கள் காண்கிற பெரிய குறை எது? ஆங்கிலமா?" என்று நாம் கேட்டோம்.

"ஆங்கிலம் ஆறு மாதத்தில் வந்துவிடும். வாய் திறக்கத்தான் ஒரு வருஷம் ஆகிறது. 'இதில் முந்திரி சேர்ந்திருக்கிறதா?' என்று விருந்தாளி கேட்டால், தெரியாவிட்டால் 'கேட்டு வந்து சொல்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சிலருக்கு முந்திரி உயிருக்கே ஆபத்து. ஆனால் பிள்ளைகள் பயந்துபோய் 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். தெரியாது என்று சொன்னால் அடி விழும் என்று பள்ளிக்கூடத்தில் பழகியிருக்கிறார்கள்."

நாம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்பது அவருக்குத் தெரியாது. தகப்பனாருக்குத் தெரியும், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகையில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய ஹோட்டலில் காப்பி சாப்பிட நுழைந்தோம். நரைத்த தலையுடன் ஒரு ஸர்வர், எழுதிக்கொள்ளாமலே எட்டு மேஜைக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டார். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்கு அரைச் சர்க்கரை, ஒருவருக்கு ஸ்ட்ராங். மாறாமல் வந்தது.

தகப்பனார் அவரைப் பேச்சுக்கு இழுத்தார். எத்தனை வருஷமாக இந்தத் தொழில்?

"நாற்பத்திரண்டு வருஷமாக நிற்கிறேனுங்க."

"பிள்ளைகள்?"

"ஒரே பையன். இஞ்சினீயர் ஆக்கிவிட்டேன். ஹோட்டல் பக்கமே தலைகாட்ட விடவில்லை."

தகப்பனார் நம்மை ஒரு பார்வை பார்த்தார். நாம் காப்பியை ஆற்றுவதில் கவனமாயிருந்தோம்.

பையன் மட்டும், "ஒரே கையில் இத்தனை தம்ளர் எப்படிப் பிடிக்கிறீர்கள், பெரியவரே?" என்று கேட்டான். அவர் அவன் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்தார். பிறகு மேஜைமேலிருந்த காலி டபராக்களையும் தம்ளர்களையும் எடுத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடையிடையே பொருத்தலானார். "சுண்டு விரலை விட்டுவிடாதே தம்பி, பாரம் அதில்தான் நிற்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், தகப்பனார் பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவை நோக்கி நடந்தார்.