மகன் வாங்கிய கார்

2023-ல் மகன் கார் வாங்கக் கிளம்பியபோது, "நீங்களும் ஷோரூமுக்கு வாங்கப்பா" என்றான். அவன் மனம் ஹூண்டாய் வெர்னாவில், அதுவும் டர்போவில், முன்பே பதிந்திருந்தது. மும்பை நெரிசலில் ஊர்ந்து போக இத்தனை வேகம் எதற்கென்பது என் எண்ணம்.

இ.எக்ஸ்., எஸ்., எஸ்.எக்ஸ்., எஸ்.எக்ஸ்.(ஓ) என்று நான்கு ரகங்கள். சாதா என்ஜினுக்கு 115 குதிரைத்திறன், டர்போவுக்கு 160. நான் தேடியது இழுவையை. சாதாவில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில். டர்போவில் 253, 1500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

கர்ஜத் – லோனாவாலா பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ரயிலுக்குப் பின்னால் பேங்கர் என்ஜின் கொடுத்துத் தள்ளுவோம். சென்னைக்குப் போகும் வழியில் கம்பாட்கி மலைப்பாதையில் லாரியைத் தாண்ட நமக்கு பேங்கர் யார் தருவார்கள்? "டர்போவே இருக்கட்டும்" என்றேன். அவனுக்கே ஆச்சரியம்!

தகராறு அடுத்ததில்தான். டர்போ, எஸ்.எக்ஸ்.ஸிலிருந்துதான் உண்டு. "என்ஜின் ஒன்றே, ஆறு ஏர்பேகும் எல்லா ரகத்திலும் உண்டு, எஸ்.எக்ஸ். போதும்" என்றான். ஆனால் எதிரே வண்டி நின்றால் எச்சரித்து, தானே பிரேக் போடும் ரேடார் (ஓ)-வில்தான். மும்பை புறநகர் ரயிலில் சிவப்பு சிக்னலை ஓட்டுநர் கவனிக்காவிட்டால் கருவியே ரயிலை நிறுத்தும். அதன் அருமை எனக்குத் தெரியும். வித்தியாசத் தொகையை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன்.

முதல் பயணத்தில், சென்னையை நெருங்குகையில் இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கார் பிறந்த தொழிற்சாலையைக் காட்டினேன். மூட்டுவலிக்கார மனைவி, "இவ்வளவு தாழ்வாக சீட் வைத்தவர் யாரென்று உள்ளே போய்க் கேளுங்கள்" என்றாள்.