வலிதான் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

இரவு 2 மணி. ஏழு மாதக் கர்ப்பிணி கழிவறைக்குப் போகிறார். உடையில் பளீரென்று சிவப்பாக இரத்தம். வயிற்றில் துளி வலியும் இல்லை. குழந்தை வழக்கம்போல் அசைகிறது. "வலிதான் இல்லையே, விடியட்டும், கிளினிக் திறந்ததும் போகலாம்" என்கிறார் வீட்டில் ஒருவர்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைமை இது.

நஞ்சுக்கொடி பொதுவாகக் கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளரும். சிலருக்கு அது கீழே இறங்கி, கருப்பை வாயை மறைத்துக்கொண்டு அமைந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதைப் 'பிளசென்டா பிரீவியா' என்பார்கள். கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது, அங்கே ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியின் ஓரம் பிரிந்து இரத்தம் கசிகிறது. பிரசவ வலி வராமலேயே இது நடந்துவிடும். முதல் இரத்தப்போக்கு பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அடுத்தது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

20ஆவது வார ஸ்கேனில் "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது" என்று கேட்டவர்கள் கலங்க வேண்டாம். கருப்பை வளர வளர, பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே போய்விடும். ஆனால் 32ஆவது வாரத்தை ஒட்டி எடுக்கும் மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

"மாடி ஏறினாயா? பாரம் தூக்கினாயா?" என்று அந்தப் பெண்ணைக் குடைவதை நிறுத்துங்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டும் என்பதை மாடிப்படி தீர்மானிப்பதில்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

இன்னொன்று. கீழே நஞ்சுக்கொடி இடத்தை அடைத்துக்கொள்வதால் குழந்தை குறுக்காகக் கிடக்கலாம். உடனே வயிறு உருவிவிட ஆளைத் தேடுவது நம் வீடுகளில் புதிதல்ல. இந்த நிலையில் வயிற்றை உருவவே கூடாது.

இரத்தம் பட்டால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. கர்ப்பிணி தானே கார் ஓட்டக் கூடாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். நாப்கின் வைத்து, அதைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். எவ்வளவு போனது என்று கணிக்க உதவும். பிங்க் புத்தகத்தையோ ஸ்கேன் அறிக்கையையோ நீட்டி, "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடியின் இடம் உறுதியாகும்வரை விரலால் உட்பரிசோதனை செய்யக் கூடாது. அது இரத்தத்தைக் கொட்டவைத்துவிடும். உள்வழி ஸ்கேன் அப்படியல்ல. பயிற்சி பெற்றவர் செய்தால் பாதுகாப்பானது, துல்லியமானதும்கூட.

மருத்துவமனையில் இரத்தம் ஏற்றத் தயார் செய்வார்கள், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள். மாதம் நிறையவில்லை என்றால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அதற்கும் தனி ஊசி உண்டு. வீடு திரும்பிய பிறகு தாம்பத்திய உறவு வேண்டாம். இரத்தச்சோகை வராமல் இரும்புச்சத்து மாத்திரை முக்கியம். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் பலன் உண்டு என்று நிரூபிக்கப்படவில்லை. எவ்வளவு ஓய்வு என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நஞ்சுக்கொடி வாயை மறைத்திருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழியில்லை. சிக்கல் இல்லாதவர்களுக்கு 36, 37ஆவது வாரத்தில் சிசேரியன் நாள் குறிப்பார்கள். அதற்கு நல்ல நேரம் பார்ப்பது உங்கள் விருப்பம். இரத்தம் கொட்டத் தொடங்கினால் மட்டும் பஞ்சாங்கத்தை மூடிவையுங்கள்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "பழைய தழும்புக்குள் நஞ்சுக்கொடி வேர்விட்டிருக்கிறதா?" அப்படியிருந்தால் பிரசவத்தின்போது கருப்பையையே அகற்ற நேரலாம். இரத்த வங்கியும் அனுபவமுள்ள நிபுணர்களும் உள்ள பெரிய மருத்துவமனையை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். வீடு அங்கிருந்து வெகு தூரம் என்றால், கடைசி வாரங்களில் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று இப்போதே பேசிவைப்பது நல்லது.