சளிக்கு ஒரு சபாஷ்!

சளி என்றதுமே "சீச்சீ" என்று முகம் சுளிப்பீர்கள், இல்லையா? மூக்கில் மட்டுமல்ல, குடலிலும் சளி உண்டு. அது எவ்வளவு பெரிய காவல்காரன் தெரியுமா? பன்றிக்குட்டிகளின் கதையைக் கேளுங்கள்.

2013-ஆம் ஆண்டு அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் ஒரு நோய் புகுந்தது. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள் வாந்தி எடுத்தன. தண்ணீர் தண்ணீராக வயிற்றுப்போக்கு! உடம்பில் நீர் வற்றி, கூட்டம் கூட்டமாக இறந்தன. ஓராண்டுக்குள் சுமார் 70 லட்சம் குட்டிகள் மடிந்ததாக மதிப்பிட்டார்கள். காரணம், பன்றிகளைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ். பயப்படாதீர்கள், இது மனிதர்களுக்கு வருவதில்லை.

பெரிய பன்றிகளுக்கும் இந்த நோய் வந்தது. ஆனால், பெரும்பாலும் சில நாட்களில் அவை தேறிவிட்டன. குட்டிகள் மட்டும் ஏன் இறந்தன?

வழுக்கும் வேலி

வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் கொழகொழவென்று ஒட்டுமே, ஏறக்குறைய அதுபோலத்தான் குடலின் உட்சுவரில் சளி படர்ந்திருக்கிறது. கிண்ணம் போன்ற வடிவமுள்ள சிறு செல்கள் இதை ஓயாமல் சுரக்கின்றன. சளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். 'மியூசின்' என்ற புரதம் அதில் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. வைரஸ் இந்த வலையில் சிக்கினால் குடலின் செல்களைத் தொட முடியாது. பழைய சளி கழிவோடு வெளியேறும்போது அதுவும் வெளியே போய்விடும்.

போலிப் பூட்டு

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அந்தச் செல்லின் மேல் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பிடிக்க வேண்டும். சாவிக்கு ஏற்ற பூட்டு மாதிரி! வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில ரோட்டா வைரஸ்கள் தேடும் பூட்டு, ஒரு வகைச் சர்க்கரை. அதே சர்க்கரை மியூசினிலும் தொங்குகிறது. வைரஸ் ஏமாந்து, சளியில் உள்ள போலிப் பூட்டைப் பிடித்துக்கொள்கிறது!

ஆனால் சிறுகுடலில் இந்த வேலி மெல்லியது. கெட்டியாக இருந்தால் உணவுச் சத்து உள்ளே போக வேண்டாமா? பிறந்த குட்டிக்கோ சளிப் படலம் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. வைரஸ் வேலியைத் தாண்டிவிட்டால், சத்தை உறிஞ்சும் செல்களை அழிக்கிறது. சளி சுரக்கும் செல்களும் குறைகின்றன. பால் குடலில் தங்காமல் வெளியேறுகிறது. வளர்ந்த குட்டியின் குடலில் இரண்டு மூன்று நாட்களில் புதிய செல்கள் வந்துவிடும். பச்சைக்குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். அதுவரை அது தாங்குவதில்லை.

அம்மா அனுப்பும் காவலர்

தாய்ப்பன்றி 3 மாதம், 3 வாரம், 3 நாள் குட்டியைச் சுமக்கிறது. ஆனாலும் நோயை எதிர்க்கும் புரதங்கள் வயிற்றில் இருக்கும் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. அவை பிறந்த பிறகு, சீம்பால் வழியாகத்தான் கிடைக்கின்றன. முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் அவை ரத்தத்தில் கலக்கும். அதன் பிறகு குடிக்கும் பாலும் வீணில்லை. அதில் வரும் காவல் புரதங்கள் குடலின் சளியோடு சேர்ந்து நின்று வைரஸைப் பிடிக்கின்றன. தாய்க்கு அந்த நோய் ஏற்கெனவே வந்து குணமாகியிருந்தால், அதற்கென்றே பழகிய காவலர்கள் பாலில் வருவார்கள். பால் குடிப்பது நின்றால் இந்தக் காவலும் குறைந்துவிடும்.

மனிதத் தாயின் சீம்பாலிலும் இதே வகைக் காவலர்கள் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பாவோ தங்கச்சிப் பாப்பாவோ பிறந்தால், இதை மறக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இனிமேல் சளி என்றால் "சீச்சீ" சொல்வீர்களா, "சபாஷ்" சொல்வீர்களா?