இமேஜிகாவில் ஒரு இரவு: தங்கலாமா, திரும்பலாமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் கேட்பது இரண்டுதான். ஒன்று, ஊர்ப் பயணம். மற்றொன்று, இமேஜிகா.

கோபோலி அருகே இந்தக் கேளிக்கைப் பூங்கா 2013-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மறு ஆண்டு நீர் விளையாட்டுப் பூங்காவும் சேர்ந்தது. பூங்காவை ஒட்டியே சொகுசு ஓட்டலும் இருக்கிறது. அதில் தங்குவது கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

முதலில் கணக்கு. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அறை 8,000 ரூபாய் என்றால், கையை விட்டுப் போவது 9,440 ரூபாய். பூங்கா டிக்கெட் அதில் அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு பூங்காவை மட்டும் பார்ப்பவர்களுக்கு அறை வீண் செலவே. பகல் முழுவதும் ராட்டினத்தில் சுற்றுகிறவருக்கு மெத்தை எதற்கு? கோபோலி வரை லோக்கல் ரெயில் உண்டு. நேர் வண்டிகள் குறைவு. கர்ஜத்தில் மாறியும் செல்லலாம். திரும்பும் வண்டியின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைப்பது நல்லது.

இரண்டு பூங்காக்களையும் பார்க்க இரண்டு நாள் வேண்டும். கைக்குழந்தையும் வயதான தாயாரும் உடன் வந்தால், இரவில் தாராவிக்குத் திரும்பி மறுநாள் மீண்டும் புறப்படுவது பெரும்பாடு. அவர்களுக்கு அந்த அறை ஆடம்பரம் அல்ல.

எப்படியானாலும், நெல்லைக்குப் போக ஒதுக்கிய பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். ராட்டினம் அடுத்த ஆண்டும் சுற்றும். ஊரில் காத்திருக்கும் தாத்தா, பாட்டிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.